சாரத்தியம்

நமக்கு ஒரு பைத்தியம் உண்டு. நண்பர்கள் அதற்கு வழங்கும் பெயரே அதுவாதலின் நாமும் அதனை ஒப்புக்கொண்டு மேற்செல்கின்றோம். ஓய்வு நேரத்தில் சிலர் தூண்டில் போடுகின்றனர். சிலர் ஆர்க்கிட் செடி வளர்க்கின்றனர். சிலர் ஞாயிறுதோறும் பூப்பந்தாடி முழங்காலைக் கெடுத்துக்கொள்கின்றனர். நாமோ மோட்டார் வண்டி ஓட்டப் பயில்கின்றோம். “ஓட்டத் தெரியாமலா இத்தனை நாள் ஓட்டினீர்?” என்று வாசகர்கள் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். லைசென்ஸ் பெற்று முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும், வயது ஐம்பதைத் தாண்டிய பின்னரும், பக்கத்து இருக்கையில் ஒருவரை அமர்த்தி நம் குற்றங்களை எடுத்துக் கூறுமாறு வேண்டிக்கொண்டு திரிபவர் நாம்.

நம் தந்தையார் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் லாரி ஓட்டியவர். எப்பள்ளியிலும் சாரத்தியம் பயின்றவரல்லர். கிளீனராகச் சேர்ந்து, கண்டு கற்றவர். விடியுமுன் எழுந்து லாரியைச் சுற்றி ஒரு முறை நடப்பார். கையிலுள்ள கம்பினால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார்; ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிவார். பின்னர்க் குனிந்து வண்டியின் அடியை நோக்குவார். லயத்து நாய்கள் அங்கே உறங்குவதுண்டு. நாய் படுக்கும் இடத்தில் பிள்ளையும் படுக்கலாம் என்பது அவர் கூற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாயிருந்த நாம் இச்சடங்கைக் கண்டு நகைத்ததுண்டு. படியாதவர் செய்யும் வேலை என்பது அக்காலத்து நம் எண்ணம்.

1989-ஆம் ஆண்டில் நாம் லைசென்ஸ் பெற்றோம். அன்று முதல், வண்டி ஓட்டுவதாவது விரைவில் ஊர் சேர்வது என்றே கருதி வந்தோம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முற்றுப்பெற்றதும் இக்கருத்து நம்மவர் பலரையும் பற்றிக்கொண்டது. கலியாண வீடுகளில் ஆண்கள் கூடினால், பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு எத்தனை மணி நேரத்தில் வந்தோம் என்பதே பேச்சு. நாமும் அப்பேச்சில் பின்வாங்கியவரல்லேம்.

2003-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, ஏழரை மணியளவில், பீடோரிலிருந்து தெலுக் இந்தான் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். இருமருங்கும் செம்பனை. மழை இல்லை, சாலை உலர்ந்தே இருந்தது. வேகம் 80 கிலோமீட்டர். சட்டம் அனுமதித்தது 90. ஆதலின் நிதானமாகவே செல்கின்றோம் என்ற எண்ணத்துடன் ஓர் இடப்புற வளைவில் திரும்பினோம். வளைவின் உட்புறம் ஒரு மண்மேடு. அதன்மேல் லாலான் புல். மேட்டைக் கடந்ததும் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். ஆட்டுக்குப் புல்லறுத்துக் கட்டாகக் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் மெல்லச் சென்றுகொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தோம். மிதித்தோம் என்பது மட்டுமே நமக்கு நினைவிருக்கிறது. வண்டி நின்றபோது புல் சாலையெங்கும் சிதறிக் கிடந்தது. அவர் வாய்க்காலில் கிடந்தார்.

உயிர் பிழைத்தார். வலது காலில் இரண்டிடங்களில் எலும்பு முறிந்தது. செம்பனைக் குலை அறுத்துக்கொண்டிருந்த மனிதர், பிறகு அவ்வேலைக்கு உதவாதவராகிக் காவற்காரரானார் என்று கேள்வியுற்றோம். போலீசார் வந்து அளந்தனர், எழுதினர், நம்மீது குற்றமில்லை என்றனர். உறவினரோ அதனினும் ஒரு படி மேலே சென்று, வண்டியின் மேலேயே குற்றமில்லை, கிரகத்தின் மேல்தான் குற்றம் என்றனர். ஒருவர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். இன்னொருவர் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாற் போதும் என்றார். நாம் மருத்துவமனைக்கு இருமுறை சென்றோம். சிறிது பணம் கொடுத்தோம். மூன்றாம் முறை செல்லவில்லை. குற்றமற்றவர் என்று அதிகாரிகளே கூறிவிட்ட பின் எதற்காகச் செல்வது என்று நமக்கு நாமே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டோம். அன்று தொட்டு, நம் பக்கத்தில் அமரும் மனைவியார் மட்டும், வளைவு வரும்போதெல்லாம் தமக்கு இல்லாத பிரேக்கைத் தம் காலால் தரையில் தேடி அழுத்தலாயினர். அதனை அவரும் கூறவில்லை; நாமும் கேட்கவில்லை.

நிற்க. 2011-இல் நம் மனைவியாருக்கு இங்கிலாந்தில் தாதி வேலை கிடைத்தது. குடும்பத்தோடு ஷெஃபீல்ட் நகரில் குடியேறினோம். அந்நாட்டில் குடியிருப்போர் மலேசிய லைசென்ஸைக் கொண்டு பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே வண்டி ஓட்டலாம். அதன்பின் அந்நாட்டுப் பரீட்சையில் தேறியாக வேண்டும். சிங்கப்பூர் லைசென்ஸ் உடையோர் பரீட்சையின்றியே அதனை மாற்றிக்கொள்ளலாம். நீரிணைக்கு இப்பால் லைசென்ஸ் எடுத்த குற்றத்துக்காக, இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுடைய நாம், வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பெழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றோம். மானம் போயிற்று என்றே எண்ணினோம். ஆயினும், தேறுவதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை.

தேறவில்லை. நாற்பது நிமிடப் பரீட்சையில் முப்பதாவது நிமிடம் வரையில் யாதொரு குறையுமில்லை. பிறகு ஒரு சந்தி வந்தது. மூலையில் ஒரு பெரிய வேன் நின்று வலப்புறத்தை மறைத்தது. நாம் கண நேரம் நின்று, பின் வெளியே சென்றோம். எதிலும் மோதவில்லை, எவரும் ஒலியெழுப்பவுமில்லை. எனினும் பரீட்சகர் தம் தாளில் ஒரு கோடிட்டார். முடிவில் அவர் கூறியதன் சாரம் இது: “நீர் பார்த்துவிட்டுச் செல்லவில்லை. ஒன்றும் வராது என்று நம்பிச் சென்றீர்.”

கோபம் ஒரு வாரம் நின்றது. அதன் பின்னர் எஞ்சியது அவ்வொரு சொல் மட்டுமே. நம்பிச் சென்றீர்! எலுமிச்சம்பழத்தை எள்ளி நகையாடிய நாம், வேனுக்கு அப்பால் வெறுஞ்சாலை இருக்கும் என்று எதனைக் கொண்டு நம்பினோம்? மண்மேட்டுக்கு அப்பால்?

இரண்டாம் முறை தேறினோம். தேறியதோடு விடாமல், மேற்படிப்பு உண்டா என்று விசாரித்தோம். உண்டு. அந்நாட்டார் அதற்கெனச் சங்கங்களே வைத்திருக்கின்றனர். அதன் வரலாறு சுவையுடையதாதலின் சிறிது கூறுவோம். 1934-ஆம் ஆண்டில் பிரிட்டனில் சாலை விபத்துகளால் மாண்டவர் 7,343 பேர். இன்று அந்நாட்டில் ஓடும் வண்டிகளோடு ஒப்பிட்டால் அன்றிருந்தவை மிகச் சிலவே. அதற்கு முன்னர் எவரும் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கி ஓட்டலாம். பரீட்சை என்பதே கிடையாது. 1935 ஜூன் முதல் நாளிலிருந்துதான் புதிதாக ஓட்டத் தொடங்கியவர்க்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. நாம் மாட்டிக்கொண்ட சிவப்பெழுத்துப் பலகையும் அக்காலத்தில் தோன்றியதே. அதே ஆண்டுகளில், தம் சொந்தப் போலீசாரே வண்டிகளைக் கொண்டுபோய் மோதுவதைக் கண்டு மனம் நொந்த லண்டன் போலீஸ் அதிகாரிகள், ஹெண்டன் என்னுமிடத்தில் ஒரு சாரத்தியப் பள்ளி கண்டனர். பந்தய வண்டி ஓட்டிப் பெயர் பெற்ற காட்டன்ஹாம் பிரபு அதற்கு ஆலோசகராயிருந்து, வண்டியை ஆளும் முறையை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அம்முறையே 1955-இல் ‘ரோட்கிராஃப்ட்’ என்னும் நூலாக வெளிவந்தது. போலீசாருக்காக எழுதிய நூல் பொதுஜனங்கள் கைக்கும் வந்தது. மறு ஆண்டு, 1956-இல், இன்ஸ்டிடியூட் ஆஃப் அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ் என்னும் சங்கம் பிறந்தது. விபத்துத் தடுப்புக்கான அரச சங்கமாகிய ரோஸ்பாவும் இத்தகைய பரீட்சை நடத்துகிறது. அப்பரீட்சையில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று படிகள். மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் பரீட்சைக்கு உட்படாவிடில் பெற்ற தரம் நிலைப்பதில்லை. நமக்குப் பிடித்தது இந்த விதிதான். ஒரு முறை தேறிவிட்டவன் என்றென்றும் தேறியவனே என்னும் மயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

இச்சங்கங்களின் கிளைகளில் கற்பிப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஞாயிறு காலை உறக்கத்தை விட்டெழுந்து, முன்பின் அறியாத ஒருவரின் வண்டியில் ஏறி, அவர் ஓட்டும் வகையைக் கவனித்துச் சொல்வதே அவர்கள் பொழுதுபோக்கு. நமக்கு வாய்த்தவர் எழுபதை நெருங்கிய ஒரு முதியவர். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் வண்டியில் ஏறவில்லை. “சுற்றி வாரும்” என்றார். நாம் விழித்தோம். அவர் முன்னே நடந்தார். ஒவ்வொரு டயரின் அருகிலும் நின்றார். குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். கையில் கம்பு மட்டும் இல்லை. தோட்டத்தில் 1998-இல் மறைந்த நம் தந்தையார் அங்கே வந்து நின்றாற்போல் இருந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது, அம்முதியவர் குளிரினால் என்று கருதியிருப்பார்.

அவர் கற்பித்த முறை ஐந்து படிகளுடையது. முதலில் செய்தி சேகரித்தல், அதன்பின் சாலையில் நிற்கும் இடம், பின்னர் வேகம், பின்னர் கியர், இறுதியில் விசை. செய்தி சேகரித்தல் மற்றை நான்குக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை. கியரைக் கொண்டு குறைப்பது பழைய வண்டிகளின் வழக்கம். பிரேக்கையும் கியரையும் ஒருங்கே இழுத்துப் பறிப்பது அவசரத்தின் அடையாளம்; அவசரமோ, முன்கூட்டிப் பாராமையின் அடையாளம். நாம் இருபத்திரண்டு ஆண்டுகளாய் அவ்விரண்டையும் ஒருங்கே செய்து, அதனைத் திறமை என்றும் எண்ணியிருந்தோம்.

இவற்றிலெல்லாம் நம்மை உலுக்கிய பாடம் மூன்றாம் வாரத்தில் வந்தது. ஷெஃபீல்டின் மேற்கே, பீக் மாவட்டத்து மலைகளினூடே, மான்செஸ்டர்ப் பக்கம் செல்லும் பாதை ஒன்றுண்டு. ஸ்நேக் பாஸ் என்பது அதன் பெயர். பெயருக்கேற்ப வளைந்து நெளிந்து செல்லும். அங்கே ஒரு வளைவுக்கு முன்னர் முதியவர் கேட்டார்: “சாலையின் இரு ஓரங்களும் எங்கே ஒன்றுகூடுகின்றன?” காட்டினோம். “அதுதான் உம் பார்வையின் எல்லை. அதற்கு அப்பால் உலகம் இல்லை என்று வைத்துக்கொள்ளும். அவ்வெல்லைக்குள் உம்மால் நிற்க முடியுமா?”

வளைவில் நுழையும்போது அப்புள்ளி நம்மை விட்டு விலகி ஓடினால் சாலை திறக்கிறது என்று பொருள், விசை கொடுக்கலாம். அது அசையாது நின்று நம்மை நோக்கி வருவதுபோல் தோன்றினால் வளைவு இறுகுகிறது, குறைத்தாக வேண்டும். கூறக் கேட்டால் எளிது. சட்டம் எழுதியிருக்கும் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பலகையிலுள்ள எண் அதற்குமேல் செல்லாதே என்கிறதேயன்றி, அதுவரையில் செல் என்று எங்கும் கூறவில்லை. காணக்கூடிய தூரத்துக்குள், நம் பக்கத்துச் சாலையிலேயே, வண்டியை நிறுத்தக்கூடிய வேகம் எதுவோ அதுவே வேகம். பிரிட்டிஷ் சாலைவிதி நூல் ஒரு கணக்கும் தருகிறது: மணிக்கு 50 மைல், அதாவது நம் 80 கிலோமீட்டர், வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுபவர் உணர்ந்து காலை எடுத்து வைப்பதற்குள் 15 மீட்டரும், பிரேக் பிடித்து நிற்பதற்குள் மேலும் 38 மீட்டரும் ஓடும். கூட்டினால் 53. இவ்வெண்ணை அன்றிரவு படித்தோம். அன்றிரவு உறங்கவில்லை.

அடுத்தது வாய்விட்டு உரைக்கும் பயிற்சி. ஓட்டுபவர் தாம் காண்பனவற்றையும், அவற்றால் என்ன நேரலாம் என்பதையும், அதற்காகத் தாம் செய்யப்போவதையும் இடைவிடாது சொல்லிக்கொண்டே செல்ல வேண்டும். நமக்கு ஆங்கிலம் தடுமாறியது. முதியவர் கேட்டார்: “வீட்டில் என்ன மொழி பேசுகின்றீர்?” தமிழ் என்றோம். “தனியே செல்லும்போது அதிலேயே பயிலும். வாய் தடுமாறினால் கண்ணும் தடுமாறும்” என்றார். அவ்வாறே செய்தோம். “முன்னே பேருந்து நிற்கிறது, அதன் அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன, ஒருவர் குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கின்றோம். வீடுகளின் வாயிலில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. குப்பை லாரி அடுத்த திருப்பத்தில் நிற்கக்கூடும். சாலையில் புதிய சேறு. வயலிலிருந்து டிராக்டர் இறங்கியிருக்கிறது. குதிரைச் சாணம், புதிது. குதிரை இன்னும் தூரம் போயிராது.” யார்க்ஷயர்க் குன்றுகளிடையே, மழையில், ஆட்டு மந்தைகளைப் பார்த்துத் தனியே தமிழில் பேசிக்கொண்டு செல்லும் ஒருவரைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ அறியோம். ஆனால் ஒன்று கண்டோம். சொல்லாத பொருளை நாம் காண்பதே இல்லை. வாய் பேசத் தொடங்கிய பின்னரே, அத்தனை ஆண்டுகள் எவ்வளவு குருடராய் ஓட்டினோம் என்பது விளங்கிற்று.

இப்பைத்தியத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. சங்கத்துக் கூட்டங்களில் ஸ்டீரிங் சக்கரத்தை எவ்விரலால் பிடிப்பது என்பது பற்றி ஒரு மணி நேரம் வாதிடும் பெரியோர்கள் உண்டு. சின்னத்தை வண்டியின் முகப்பில் மாட்டிக்கொண்டு, சாலையில் செல்லும் மற்றவரெல்லாம் மூடர் என்று கருதுவோரும் உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வென்சன் என்பார் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்க மாணவருள் நூற்றுக்கு 93 பேர் தம்மை நடுத்தரத்துக்கு மேற்பட்ட திறமையாளர் என்று மதிப்பிட்டுக்கொண்டனர். கணக்கறிந்தவர் இதனைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் தம்மையும் சேர்த்துக்கொண்டு சிரிக்க வேண்டும். நார்வே நாட்டில் வழுக்குத் தரையில் வண்டி ஓட்டப் பயின்ற இளைஞர்களிடையே விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடியதாம். வழுக்கினாலும் நம்மால் சமாளிக்க முடியும் என்ற துணிவு வந்துவிட்டது. கைத்திறன் மட்டும் வளர்ந்து ஐயம் வளராவிடில் நேரும் கதி அது. பிரிட்டனில் சாலை மரணங்கள் குறைந்தமைக்கு நம் போன்ற பொழுதுபோக்காளர்கள் காரணர் என்றும் கூறமாட்டோம். 1967-இல் வந்த மதுச் சோதனைச் சட்டமும், 1983-இல் கட்டாயமான இருக்கைப் பட்டையும், நல்ல சாலைகளும், நல்ல வண்டிகளும் செய்த வேலையோடு ஒப்பிட்டால் நம்முடையது அணிலின் வேலைகூட ஆகாது.

2014-இல் முதல் மேல்நிலைப் பரீட்சையில் தேறினோம். மறு ஆண்டு ரோஸ்பாவில் வெள்ளி. 2018-இல், மூன்றாண்டுக் கெடு முடிந்து மீண்டும் அமர்ந்தபோது, தங்கம். சான்றிதழ்கள் இன்றும் மேசையறையில் கிடக்கின்றன. ஆனால் உண்மையான சான்றிதழ் 2014-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அதே ஸ்நேக் பாஸ் பாதையில் கிடைத்தது. இரவு வேலை முடித்து வந்த மனைவியாரை அழைத்துக்கொண்டு மான்செஸ்டரில் இருந்த நண்பர் இல்லத்துக்குச் சென்றுகொண்டிருந்தோம். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் கால் தரையை அழுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் அஞ்சி, கண்ணோரத்தால் நோக்கினோம். உறங்கிக்கொண்டிருந்தார்.

2019-இல் தாயகம் திரும்பினோம். அவ்வாண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 6,167 பேர். நம்மைப்போல் இரு மடங்கு ஜனத்தொகை கொண்ட பிரிட்டனிலோ 1,752. நம் நாட்டில் மாள்பவருள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். அவருள்ளும் ஏழைகள் எத்தனை பேர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வண்டி வாங்க இயலாதவரே மழையிலும் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். நெடுஞ்சாலையில், முன் செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே இரண்டு வினாடி இடைவெளி விடவேண்டும் என்பது கற்ற பாடம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அஃது ஏறக்குறைய 61 மீட்டர். அவ்வளவு இடத்தை இங்கே விட்டால், வந்து நுழைவதற்கு மூன்று வண்டிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நுழைய, நாம் மீண்டும் பின்வாங்குவோம். பின்னிருப்பவர் விளக்கடிப்பார். இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி, புறப்பட்ட ஊருக்கே போய்ச் சேருவீர் என்று மைத்துனர் ஒருவர் கேலி செய்தார். கடிகாரத்தைப் பார்த்தோம், அவ்வளவு பின்வாங்கியும் ஈப்போவுக்கு அவரைக் காட்டிலும் ஆறே நிமிடம் தாமதம்.

வாய்விட்டு உரைக்கும் பயிற்சியையும் விடவில்லை. பொருள்கள்தாம் மாறின. சாலையில் உதிர்ந்த செம்பனைப் பழங்கள். முன்னே லாரி செல்கிறது. டுரியான் கடை, எவரும் திடீரென நிற்பர். காப்சாயில் செல்லும் பையன் தோளைத் திருப்புகின்றான். விளக்குப் போடாமலே வலப்புறம் திரும்புவான். தாயகத்துச் சாலையை நாம் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவ்வளைவுக்குச் செல்லாமல் ஆறு மாதம் கடத்தினோம். பிறகு ஒரு நாள் காலையில் தனியே சென்றோம். பழைய செம்பனைகள் வெட்டப்பட்டு இளங்கன்றுகள் நின்றன. மண்மேடு மட்டும் அப்படியே இருந்தது. அதன்மேல் அதே லாலான் புல். வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்தோம். மேட்டை நெருங்கும் வண்டிக்காரர் கண்ணுக்குச் சாலை எவ்வளவு தெரியும் என்பதை அடிவைத்து அளந்தோம். மூன்று முறை அளந்தோம். 35 மீட்டருக்கு மேல் இல்லை. நமக்கு வேண்டியிருந்தது 53. நடுவே 18 மீட்டர். போலீசார் அன்று சக்கரத்தின் தடத்தை அளந்தனர், இதனை அளக்கவில்லை. அளக்க வேண்டுமென்று சட்டமும் கூறவில்லை.

அங்கிருந்து இரண்டு கல் தொலைவில்தான் அவர் வீடு. விசாரித்துக்கொண்டு சென்றோம். முற்றத்தில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அறுபதைக் கடந்த வயது; வலது காலைச் சற்றே இழுத்து நடந்தார். நம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கூறினோம். சிறிது நேரம் நோக்கிவிட்டு, “உட்காருங்க தம்பி” என்றார். தேநீர் வந்தது. பதினாறு ஆண்டுகளாக வராமைக்கு எந்தக் காரணமும் கூற முடியவில்லை. ஆதலின் கூறாமலே, அளந்த கணக்கைச் சொன்னோம். “அண்ணே, அன்றைக்குக் குற்றம் என்னுடையதுதான். பார்க்க முடியாத இடத்தில் அவ்வளவு வேகமாக வந்திருக்கக் கூடாது” என்றோம்.

அவர் தழையைக் கீழே வைத்தார். “என் பின்விளக்கு எரியவில்லை தம்பி” என்றார். “ஒரு மாதமாகவே எரியவில்லை. பல்பு இரண்டு வெள்ளி. அடுத்த சம்பளத்தில் மாற்றலாம் என்று விட்டிருந்தேன். போலீஸ்காரர் கேட்டபோது எரிந்தது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பணம் கொடுத்தீர்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். அன்று முதல் உங்களைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியாமலே இருந்தேன்.”

அவர் கூற்று நமக்கு ஆறுதலாயிருந்திருக்க வேண்டும். முன்னாளில் இருந்திருக்கும், கூத்தாடியிருப்போம். இப்பொழுதோ, விளக்கில்லாத பொருள்கள் எத்தனையோ சாலையில் உண்டு என்பதே தோன்றிற்று. விழுந்த மரத்துக்குப் பின்விளக்கு ஏது? மாட்டுக்கு ஏது? சாலையில் ஓடிவரும் பிள்ளைக்கு ஏது? எனினும் அதனை அவரிடம் விரித்துரைக்கவில்லை. அவரும் அப்பேச்சை வளர்க்க விரும்பவில்லை. பேரன் தங்கும் பள்ளியில் படிப்பதைப் பற்றியும், ஆட்டு விலையைப் பற்றியும் பேசினார். அன்று தெலுக் இந்தானில் காலுக்கு மருந்து வாங்க வேண்டிய நாள் என்றும், பேருந்து எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்றும் கூறினார். “வாருங்கள், கொண்டுபோய் விடுகிறேன்” என்றோம்.

முன்னிருக்கையில் அமர்ந்து பட்டையை மாட்டிக்கொண்டார். வண்டியைச் சுற்றி நடந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு நாம் ஏறினோம். என்ன தேடினீர்கள் என்றார். ஆட்டுக்குட்டி இருக்கிறதா என்று பார்த்தோம் என்றோம். இரண்டு கல் தூரம் பேச்சில்லை. மண்மேடு தெரிந்தது. சாலையின் இரு ஓரங்களும் கூடும் இடத்தில் கண்ணை வைத்து, ஐம்பதுக்கும் கீழே குறைத்துக்கொண்டிருந்தோம்.

“முன்னால் வளைவு இருக்கிறது தம்பி, மெதுவாகப் போங்கள்” என்றார் அவர்.

“சரி அண்ணே” என்று மேலும் சிறிது குறைத்தோம்.